தன் உடலிலே முதல் ஊசி: ஹாஃப்கின் என்னும் புலம்பெயர்ந்த விஞ்ஞானி

பாரிஸ் மாநகரில் வாழும் எம்மவர்களுள் பலர் பாஸ்டர் என்னும் பெயர் தாங்கிய நிலக்கீழ் இரயில் நிலையத்தை அடிக்கடி கடந்து செல்கின்றனர். வேலைக்கு விரையும் அவசரத்தில் அப்பெயருக்குரியவரைப் பற்றி எண்ணிப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. அந்நிலையத்துக்கு அண்மையில், 1888ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட பாஸ்டர் நிறுவகம் இன்றும் இயங்கி வருகின்றது. 1889ஆம் ஆண்டு அந்நிறுவகத்தின் நூலகத்தில் இருபத்தொன்பது வயதான யூத இளைஞர் ஒருவர் பணிக்குச் சேர்ந்தார். ரஷ்யப் பேரரசிலிருந்து வந்தவர். விலங்கியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். எனினும், நூல்களைப் பராமரிக்கும் பணியைத் தவிர வேறெந்தப் பணியும் அப்போது அவருக்குக் கிடைக்கவில்லை.

அவர் பெயர் வால்டெமர் ஹாஃப்கின். கொலரா, பிளேக் ஆகிய இரு கொடிய நோய்களுக்கும் தடுப்பூசி ஆக்கி, அவற்றை முதலில் தமது உடலிலே செலுத்திச் சோதித்தவர் அவர். இந்தியாவில் இலட்சோப இலட்சம் மக்களுக்கு அவ்வூசிகள் போடப்பட்டன. பிற்காலத்தில் ஒரேயொரு போத்தல் மருந்தின் பெயரால் அவர்மீது பழி சுமத்தப்பட்டது. அப்பழி நீங்க ஐந்து ஆண்டுகள் கழிந்தன. கற்ற கல்விக்கு ஒவ்வாத தொழிலை அந்நிய மண்ணில் செய்துகொண்டிருக்கும் எமது வாசகர்கள் பலருக்கு இம்மனிதரின் கதை நெருக்கமானதாக இருக்கும் என நம்புகின்றோம்.

ஒடெசாவில் இளமை

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிறந்தார். இன்று உக்ரேனுக்குச் சொந்தமான கருங்கடற்கரைத் துறைமுக நகரான ஒடெசாவிலுள்ள பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் பயின்றார். அங்கு அவருக்கு ஆசானாக வாய்த்தவர் இல்யா மெச்னிகோவ். உடலினுள் புகும் கிருமிகளை இரத்தத்தின் வெண்கலங்கள் விழுங்கி அழிக்கின்றன எனக் கண்டறிந்து, 1908ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றவர் இவரே. மாணவரின் திறமையைக் கண்டுகொண்ட மெச்னிகோவ், அவருக்கு நேர்ந்த இடர்களிலும் துணை நின்றார்.

இடர்களுக்குக் குறைவிருக்கவில்லை. 1881ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து, பேரரசின் தென்பகுதி நகரங்களில் யூதர்களுக்கு எதிரான கலவரங்கள் மூண்டன. கடைகள் சூறையாடப்பட்டன, வீடுகள் உடைக்கப்பட்டன. கலவரம் என்னும் சொல்லின் கனத்தை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. தம் மக்களின் குடியிருப்பைக் காக்கத் திரண்ட இளைஞர்களுடன் ஹாஃப்கினும் நின்றார். காயமுற்றார். கைது செய்யப்பட்டார். மெச்னிகோவின் தலையீட்டினாலேயே விடுதலை பெற்றார். அரச எதிர்ப்பு இயக்கத்துடன் அவர் கொண்டிருந்த தொடர்பினால் பொலிசாரின் கண்காணிப்பும் அவரைப் பின்தொடர்ந்தது.

கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னரும் பல்கலைக்கழகத்தின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. யூதராக இருப்பவருக்கு அங்கே பதவி இல்லை. ரஷ்ய வைதீகத் திருச்சபையைத் தழுவினால் வழி பிறக்கும் என்பதே அன்றைய நிலை. அவர் மதம் மாற மறுத்தார். நகரின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். 1888ஆம் ஆண்டு நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கிடைத்தது. சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரை அடைந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் துறையில் உதவியாளராகச் சிறிது காலம் இருந்தார். பின்னர், மெச்னிகோவ் பாரிசில் பாஸ்டருடன் இணைந்துவிட்டார் என அறிந்து, ஆசானைத் தேடிப் பாரிஸ் வந்தார். அங்கே கிடைத்ததுதான் அந்த நூலகப் பணி.

கொலராவை எதிர்கொண்ட ஆய்வு

நூலகப் பணி முடிந்த பின்னர் கிடைத்த நேரமெல்லாம் அவர் ஆய்வுகூடத்தில் கழிந்தது. அக்காலம் மருத்துவ வரலாற்றின் பொற்காலம் எனலாம். 1796ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எட்வேர்ட் ஜென்னர் பசு அம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் வழியைக் காட்டினார். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளின் பின்னர், 1885இல் லூயி பாஸ்டர் விசர்நாய்க்கடிக்கு உள்ளான சிறுவனுக்கு ஊசி போட்டு மனிதகுலத்துக்குப் புதிய நம்பிக்கையை அளித்தார். இவ்விரண்டுக்குமிடையே, 1884இல், ஜெர்மானியரான ரொபேர்ட் கொக் கல்கத்தாவில் ஆய்வு நடத்தி, கொலராவை உண்டாக்கும் கிருமியை இனங்கண்டார். எதிரி யாரென அறிந்தாயிற்று. அவனைத் தடுக்கும் கேடயத்தை ஆக்குவதே எஞ்சியிருந்தது. ஸ்பெயின் நாட்டு வைத்தியர் ஜெய்மே ஃபெரான் 1885இல் அம்முயற்சியில் இறங்கினாரெனினும், அவருடைய முறை விஞ்ஞான உலகின் நம்பிக்கையைப் பெறவில்லை.

ஹாஃப்கின் கையாண்ட முறை இதுவாகும். கொலராக் கிருமியைக் கினிப்பன்றிகளின் உடலில் ஒன்றன்பின் ஒன்றாகப் பலமுறை செலுத்தி, அதன் வீரியத்தை மிகுதியாக்கினார். இன்னொரு பக்கம், வெதுவெதுப்பான காற்றோட்டத்தில் கிருமியை வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தார். முதலில் வலுக்குறைந்த கிருமி, சில நாட்கள் கழித்து வலுமிகுந்த கிருமி என இரு ஊசிகள். முதலாவது ஊசி உடலைப் பழக்கும். இரண்டாவது ஊசி அப்பழக்கத்தை உறுதிப்படுத்தும்.

விலங்குகளில் வெற்றி கண்டாயிற்று. மனிதனில் யார் முதலில்? 1892ஆம் ஆண்டு யூலை 18ஆம் நாள் ஹாஃப்கின் தமது உடலிலேயே அம்மருந்தைச் செலுத்திக்கொண்டார். காய்ச்சல் கண்டது, ஊசி போட்ட இடம் வலித்தது. ஆறு நாட்களின் பின்னர் இரண்டாவது ஊசியையும் போட்டுக்கொண்டார். உடல் தேறியது. அவரைப் போலவே ரஷ்யப் பேரரசிலிருந்து வந்து வெளிநாட்டில் வாழ்ந்த நண்பர் மூவர் அடுத்து முன்வந்தனர். அம்மாத இறுதியிலேயே தம் ஆய்வின் முடிவைப் பாரிஸ் உயிரியல் கழகத்தில் சமர்ப்பித்தார்.

அதே ஆண்டில் ரஷ்யாவில் கொலரா இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் மட்டும் சில கிழமைகளுள் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தம்மை வேண்டாமென்ற தாய்நாட்டுக்கே முதலில் மருந்தை அளிக்க ஹாஃப்கின் விரும்பினார். ரஷ்ய அரசு அதனை ஏற்கவில்லை. பாரிசில் பிரித்தானியத் தூதுவராக இருந்த டஃபரின் பிரபு முன்னர் இந்தியாவின் ஆளுநர் நாயகமாகப் பணியாற்றியவர். கொலராவின் தாயகம் எனப்பட்ட வங்காளத்தில் மருந்தைச் சோதிக்கலாம் என வழிகாட்டியவர் அவரே.

கல்கத்தாச் சேரிகளில்

1893 மார்ச் மாதத்தில் ஹாஃப்கின் கல்கத்தாவில் வந்திறங்கினார். வரவேற்பு கடுமையாகவே இருந்தது. பிரித்தானிய மருத்துவ அதிகாரிகளின் பார்வையில் அவர் மருத்துவப் பட்டமில்லாத விலங்கியலாளர்; போதாக்குறைக்கு ரஷ்யர். மத்திய ஆசியாவில் ரஷ்யாவுடன் பிரித்தானியா போட்டியிட்டுக்கொண்டிருந்த காலம் அது. மக்களுக்கோ அந்நியன் கையிலிருந்த ஊசிமீதே அச்சம்.

முதலாவது ஆண்டில் அவர் வட இந்தியாவில் ஊர் ஊராகச் சென்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டார். எனினும் ஊசி பயன் தந்ததா என்பதை அளந்தறிவது கடினமாயிருந்தது. 1894 மார்ச்சில் கல்கத்தாவின் சுகாதார அதிகாரி சிம்சன் அவரை நகரின் சேரிப்பகுதிகளுக்கு அழைத்தார். அங்கே கட்டால் பாகான் என்னும் குடியிருப்பில் ஏறத்தாழ 200 பேர் வாழ்ந்தனர். கொலரா தலைகாட்டியதும் அவர்களுள் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன் பின்னர் அங்கு நோயுற்ற பத்துப் பேரும், அவர்களுள் இறந்த ஏழு பேரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களாகவே இருந்தனர்.

இங்கே ஒரு முக்கிய செய்தியை நாம் கவனிக்க வேண்டும். ஒரே இடத்தில் வாழ்ந்து, ஒரே நீரைக் குடிப்பவர்களுள் ஊசி போட்டவர் எத்தனை பேர் நோயுற்றனர், போடாதவர் எத்தனை பேர் நோயுற்றனர் எனக் கணக்கெடுத்து ஒப்பிட்டார் ஹாஃப்கின். இன்று புதிய மருந்தொன்று சந்தைக்கு வருமுன் கட்டாயமாகச் செய்யப்படும் ஒப்பீட்டுச் சோதனைகளுக்கு இது முன்னோடிகளுள் ஒன்றாகும்.

இப்பணியில் அவருக்குத் தோள்கொடுத்தவர்கள் சௌத்ரி, கோஷ், சட்டர்ஜி, தத் முதலிய இந்திய வைத்தியர்கள். மக்களின் மொழி பேசுபவர், அவர்களுள் ஒருவர் அருகில் நின்றபோதே மக்கள் கையை நீட்டினர். பின்னர் அசாம் தேயிலைத் தோட்டங்களின் கூலித்தொழிலாளர்களுக்கும் ஊசி போடப்பட்டது. மலேரியாவால் நலிந்த ஹாஃப்கின் 1895இல் ஐரோப்பா திரும்பினார். உடல் தேறியதும் மீண்டும் இந்தியா சென்றார்.

பம்பாயில் பிளேக்

1896 செப்டெம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் பரவியிருப்பதை வைத்தியர் அகாசியோ வீகாஸ் கண்டறிந்தார். எலிகள் செத்து விழுந்தன, பின்னர் மனிதர்கள். இலட்சக்கணக்கானோர் நகரைவிட்டு ஓடினர். பாஸ்டர் நிறுவகத்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் யெர்சின் இரு ஆண்டுகளுக்கு முன்னரே ஹொங்கொங்கில் இந்நோயின் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் தடுப்பூசி எதுவும் இருக்கவில்லை. அரசு ஹாஃப்கினை அழைத்தது. ஒக்டோபர் 7ஆம் நாள் அவர் பம்பாய் வந்து சேர்ந்தார்.

அவருக்குக் கிடைத்த ஆய்வுகூடம் கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் ஓர் ஒடுங்கிய நடைவழி. உதவிக்கு ஓர் எழுதுவினைஞரும் மூன்று சிற்றூழியர்களும். இறைச்சி வடிநீரில் பிளேக் கிருமியை வளர்த்தார். நீரின் மேற்பரப்பில் சிறிது நெய்யை மிதக்கவிட்டபோது, அதனைப் பற்றிக்கொண்டு கிருமிகள் விழுதுகள்போலக் கீழ்நோக்கித் தொங்கி வளர்ந்தன. அவற்றை அசைத்து விழுத்தி மீண்டும் வளரவிட்டார். போதிய அளவு திரண்டதும் சூடாக்கிக் கொன்றார். கொலரா ஊசியில் உயிருள்ள கிருமி இருந்தது. பிளேக் ஊசியில் இறந்த கிருமியே பயன்பட்டது.

வேலைப்பளுவைத் தாங்காது உதவியாளர்கள் விலகியபோதும் அவர் ஓயவில்லை. மூன்றே மாதங்களில் மருந்து ஆயத்தமாயிற்று. 1897 ஜனவரி 10ஆம் நாள் மீண்டும் அதே முடிவு: முதல் ஊசி தமக்கே. பிறருக்குப் பின்னர் கொடுத்த அளவைவிடப் பன்மடங்கு அதிகமான அளவைத் தமது உடலில் செலுத்தச் செய்தார். கடும் காய்ச்சலுடனேயே தம் கடமைகளைத் தொடர்ந்தார். அம்மாத இறுதியில் பைக்குல்லாச் சிறையில் பிளேக் பரவியபோது, விரும்பி முன்வந்த கைதிகளுக்கு ஊசி போடப்பட்டது. ஊசி போடாதோருடன் ஒப்பிடுகையில் போட்டோரிடையே நோய் குறைந்திருந்தது. ஊசி முழுமையான பாதுகாப்பை அளிக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் சாவு வீட்டுவாசலில் நிற்கையில் ஓரளவு பாதுகாப்பும் பெருங்கொடையே.

மக்களின் தயக்கத்தை நாம் அறியாமை என ஒதுக்கிவிட முடியாது. பிளேக் தடுப்பு என்னும் பெயரில் படையினர் வீடுகளுள் புகுந்தனர். நோயாளரைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சென்றனர். பூனா நகரில் மூண்ட கோபம், 1897 யூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்படுவதில் போய் முடிந்தது. அத்தகைய சூழலில் அரசின் ஊசியை யார் நம்புவார்? பலவந்தத்தை விடுத்து மக்களின் விருப்பத்தை நாடுவதே ஹாஃப்கினின் வழியாயிருந்தது. கோஜா சமூகத்தின் தலைவரான இளம் வயதினர் மூன்றாம் ஆகா கான், எல்லோர் முன்னிலையிலும் ஊசி போட்டுக்கொண்டார். ஆய்வுகூடத்துக்கென ஒரு மாளிகையையும் வழங்கினார். அவரைப் பின்பற்றி அச்சமூகத்தவர் ஆயிரக்கணக்கில் முன்வந்தனர். 1899இல் பரேல் பகுதியிலுள்ள பழைய ஆளுநர் மாளிகை பிளேக் ஆய்வுகூடமாக மாறியது. ஹாஃப்கின் அதன் பணிப்பாளரானார். விக்டோரியா மகாராணியாரின் அரசு அவருக்குப் பட்டமளித்துக் கௌரவித்தது. நூலகத்து அகதி புகழின் உச்சியில் நின்றார்.

ஒரு போத்தலும் பத்தொன்பது உயிர்களும்

1902இல் பஞ்சாபில் பெருந்திரளான மக்களுக்கு ஊசி போட அரசு திட்டமிட்டது. ஒக்டோபர் 30ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள முல்கோவால் என்னும் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேருக்கு ஒரு குறித்த போத்தலிலிருந்து மருந்து எடுக்கப்பட்டது. ஒரு கிழமைக்குள் அந்தப் பத்தொன்பது பேருக்கும் ஏற்புவலி கண்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. நோயிலிருந்து காப்பாற்றும் என நம்பிக் கை நீட்டியவர்கள் அவர்கள். இக்கதையில் மிகப்பெரிய துயரம் அவர்களுடையதே என்பதை நாம் மறக்கலாகாது.

அப்போத்தல் 41 நாட்களுக்கு முன்னர் பம்பாயில் நிரப்பப்பட்டது. ஏற்புவலிக் கிருமி அதனுள் எங்கே புகுந்தது? பம்பாய் ஆய்வுகூடத்திலா, முல்கோவாலிலா? மருந்துடன் காபோலிக் அமிலம் சேர்க்கும் வழக்கத்தை ஹாஃப்கின் அண்மையில் கைவிட்டு, பாரிசில் கையாளப்பட்ட வெப்பமுறையை மட்டும் நம்பியிருந்தார். அதுவே அவருக்கு எதிரான குற்றச்சாட்டாயிற்று. பம்பாய்ப் பிரதம நீதியரசர் லோரன்ஸ் ஜென்கின்சின் தலைமையில் அமைந்த விசாரணைக்குழு, போத்தல் திறக்கப்படுமுன்னரே மருந்து மாசுற்றிருந்தது என முடிவுசெய்தது. ஹாஃப்கின் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். 1904இல் அவர் இந்தியாவை விட்டு லண்டன் சென்றார்.

ஆனால் விசாரணைக்குழுவின் முன் வைக்கப்பட்ட சாட்சியங்களே வேறொரு கதையையும் கூறின. முல்கோவாலில் போத்தலைத் திறக்கப் பயன்பட்ட குறடு உதவியாளரின் கையிலிருந்து மண்ணில் விழுந்தது. அது முறைப்படி கிருமிநீக்கம் செய்யப்படவில்லை. ஏற்புவலிக் கிருமி மண்ணில் வாழ்வது. மேலும், அக்கிருமி 41 நாட்கள் போத்தலுள் வளர்ந்திருந்தால் திறந்தவுடனே துர்நாற்றம் வீசியிருக்க வேண்டும். அப்படியொரு நாற்றம் உணரப்படவில்லை.

இவற்றை எடுத்துக்காட்டி ஹாஃப்கினுக்காக வாதாடியவர்களுள் முதன்மையானவர் ரொனால்ட் ரோஸ். மலேரியா நுளம்பினால் பரவுவதை இந்தியாவில் கண்டறிந்து 1902இல் நோபல் பரிசு பெற்ற இவ்வறிஞரின் சொல்லுக்கு உலகில் மதிப்பிருந்தது. 1907 யூலையில் ரோஸ் உட்பட விஞ்ஞானிகள் பதின்மர் கையொப்பமிட்ட கடிதம் லண்டனின் டைம்ஸ் பத்திரிகையில் வெளியாயிற்று. பிரித்தானிய நாடாளுமன்றத்திலும் கேள்விகள் எழுந்தன. அவ்வாண்டு நவம்பரில் ஹாஃப்கின்மீதான பழி நீங்கியது. பிரான்சில் பொய்க்குற்றம் சுமத்தப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர், 1906இல் விடுவிக்கப்பட்ட யூதப் படையதிகாரி ட்ரைஃபுசின் வழக்கோடு இதனை அக்காலத்தவர் ஒப்பிட்டுப் பேசினர்.

எஞ்சிய ஆண்டுகள்

பழி நீங்கியது, பறிபோனது முழுமையாக மீளவில்லை. ஹாஃப்கின் மீண்டும் கல்கத்தா சென்றார். தாம் உருவாக்கிய பம்பாய் ஆய்வுகூடம் அவருக்குத் திருப்பித் தரப்படவில்லை. கல்கத்தாவில் அவருக்கு அளிக்கப்பட்ட பதவியில், மக்களிடையே தடுப்பூசிச் சோதனைகள் நடத்தும் உரிமை இருக்கவில்லை. செயலாற்றும் வயதில், செயலாற்றத் தெரிந்த மனிதர் ஏட்டாய்வோடு அடங்கியிருக்க நேர்ந்தது. முதலாம் உலகப் போர் மூண்ட காலத்தில் ஓய்வுபெற்று ஐரோப்பா திரும்பினார்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் தம் முன்னோரின் சமய நெறியை இறுகப் பற்றிக்கொண்டார். இறுதி ஆண்டுகளைச் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் கழித்தார். கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூதச் சிறுவர்களின் கல்விக்கென 1929இல் ஒரு நிதியத்தை நிறுவித் தம் செல்வத்தை அதற்கே அளித்தார். கல்வி பெற்றும் வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவர், தம் பின்னே வரும் பிள்ளைகளுக்குச் செய்ய விரும்பிய உதவி அது. 1930 ஒக்டோபரில் அவர் லொசானில் காலமானார்.

பம்பாய் ஆய்வுகூடத்துக்கு 1925ஆம் ஆண்டு ஹாஃப்கின் நிறுவகம் எனப் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயருடன் அது இன்றும் பரேலில் இயங்குகின்றது. 1897 முதல் 1925 வரை அங்கிருந்து அனுப்பப்பட்ட பிளேக் ஊசிமருந்து 2 கோடி 60 இலட்சம் பேருக்குரியது எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அப்பெருநோயில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பதை நினைவிற்கொண்டால், அம்மருந்தின் பெறுமதி விளங்கும். 1964இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த முத்திரையை வெளியிட்டது.

இன்று பிளேக் நோயை அன்ரிபயற்றிக் மருந்துகளால் குணப்படுத்தலாம். கொலராவுக்கு வாயால் உட்கொள்ளும் தடுப்புமருந்துகள் உள்ளன. ஹாஃப்கின் ஆக்கிய ஊசிகள் வரலாறாகிவிட்டன. ஆயினும் அவர் வாழ்விலிருந்து நாம் பெறத்தக்க பாடம் பழையதாகவில்லை. பிறர் உடலில் ஏற்றும் முன் தம் உடலில் ஏற்றிக் காட்டிய நேர்மையே அந்நிய மண்ணில் அவருக்கிருந்த ஒரே சான்றிதழாக இருந்தது. பழி வந்தபோது, ஊர்க்காரரும் உறவினரும் துணையில்லாத இடத்தில், சாட்சியங்களைப் பொறுமையுடன் படித்து உண்மையைச் சொல்லத் துணிந்த சிலர் அவரைக் காத்தனர். வந்தேறியவர்மீது பழி விரைவாகச் சேருகின்றது. அது நீங்கும் பாதை நெடியது. அப்பாதையில் உடன் நடப்பவர்களாக நாமும் இருக்கலாம்.

புலம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பலவற்றில் வதிவிடப் பத்திரங்களோடு சேர்த்துப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையும் ஒரே உறையில் பத்திரமாகப் பேணப்படுகின்றது. அடுத்த ஊசிக்கான திகதியைப் பார்க்க அதனை எடுக்கும்போது, ஒடெசாவிலிருந்து புறப்பட்டு, ஜெனீவா, பாரிஸ், கல்கத்தா, பம்பாய் என அலைந்து, லொசானில் கண்மூடிய இம்மனிதரின் பெயரைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லி வைப்போமாக. முல்கோவாலின் அந்தப் பத்தொன்பது பேரையும் சேர்த்தே சொல்லி வைப்போமாக.